கச்சா எண்ணெயோடு கலந்த கனோலா

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகரை ஒட்டிய பர்னபியில், கடற்கழி ஓரமாக ஒரு பழைய சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 2024-இல் அந்த ஆலையை நடத்திவந்த பார்க்லேண்ட் நிறுவனம், கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரின் எண்ணெயும் மாட்டுக் கொழுப்பும் சேர்த்து 1,01,000 லிட்டர் விமான எரிபொருள் தயாரித்து ஏர் கனடாவுக்கு விற்றதாக அறிவித்தது. கனடாவில் வணிக அளவில் இப்படி நடப்பது முதல் முறை என்றது அறிவிப்பு. ஏர் கனடாவின் போயிங் 777-300ஈஆர் விமானத்தின் தொட்டிகள் சுமார் 1,81,000 லிட்டர் கொள்ளும். அறிவிக்கப்பட்ட எரிபொருள் முழுவதையும் ஊற்றினாலும் அப்படிப்பட்ட ஒரு விமானத்தின் தொட்டி நிறையாது.

அளவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அதைத் தயாரித்த விதம் நம்மை நிறுத்துகிறது. இதற்கென்று தனி ஆலை எழும்பவில்லை. 1936 முதல் பெட்ரோலியம் காய்ச்சிவரும் அதே ஆலை, அதே உலைகள், அதே குழாய்கள். ஆல்பர்ட்டாவிலிருந்து டிரான்ஸ் மவுண்டன் குழாய் வழியே மலை தாண்டி வரும் கச்சா எண்ணெய் ஒரு பக்கம் நுழைய, வழியில் ஓரிடத்தில் தாவர எண்ணெய் அதோடு சேர்ந்துகொள்கிறது. மறுமுனையில் பெட்ரோலும் டீசலும் விமான எரிபொருளும் வழக்கம்போல வருகின்றன. பொறியாளர்கள் இதை கோ-பிராசஸிங் என்கிறார்கள். இணைச் சுத்திகரிப்பு என்று நாம் சொல்லலாம்.

தாவர எண்ணெயில் எஞ்சின் ஓட்டுவது புதிய யோசனை அல்ல. 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக்காட்டியது. பிற்பாடு ருடால்ஃப் டீசலே அதைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். இருந்தும் தாவர எண்ணெயை அப்படியே ஊற்றினால் இன்றைய எஞ்சின் தாங்காது. எண்ணெய் கெட்டியானது, ஊசித்துளைகளில் படிந்து அடைக்கும். அதனால் அதை மெத்தனாலோடு வினைபுரியவைத்து மெல்லிய எஸ்டராக மாற்றினார்கள். பயோடீசல் என்று பெட்ரோல் பங்க்குகளில் கேள்விப்படுவது இதுதான். நல்ல எரிபொருள். ஆனால் அதன் மூலக்கூறில் ஆக்சிஜன் அப்படியே இருக்கிறது. சேமிப்பில் கெடும், ஈரம் ஈர்க்கும், குளிரில் உறையும். ஆகவே டீசலில் ஒரு வரம்புக்குள்தான் கலக்க முடிகிறது. விமானத்துக்கு அது அறவே ஆகாது.

இணைச் சுத்திகரிப்பு இங்கேதான் வேறுபடுகிறது. அது ஆக்சிஜனை முழுவதுமாகப் பிடுங்கி எறிந்துவிடுகிறது. மிஞ்சுவது வெறும் கரிமமும் ஹைட்ரஜனும் சேர்ந்த சங்கிலி. பெட்ரோலிய டீசலில் இருக்கும் சங்கிலிகளும் அதே இனம்தான். எந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

அது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இந்தத் தொழிலின் பலமும் சிக்கலும் அந்த இடத்தில்தான் இருக்கின்றன.

கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்தால் கிடைக்கும் டீசலில் கந்தகம் இருக்கும். அதை நீக்க ஒவ்வொரு நவீன ஆலையிலும் ஓர் உலை உண்டு. 300 முதல் 400 டிகிரி வெப்பம், உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜன், அலுமினாவின் மேல் படிந்த மாலிப்டினமும் நிக்கல் அல்லது கோபால்ட்டும் கொண்ட வினையூக்கி. ஹைட்ரஜன் கந்தகத்தைப் பற்றிக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறும். கந்தகத்தைப் பிடுங்கத் தெரிந்த இந்த உலைக்கு ஆக்சிஜனையும் பிடுங்கத் தெரியும். தாவர எண்ணெயை டீசலோடு கலந்து உள்ளே அனுப்பினால், கந்தகம் நீங்கும் வேளையிலேயே எண்ணெயின் ஆக்சிஜனும் நீராக மாறிப் போய்விடுகிறது.

தாவர எண்ணெயின் மூலக்கூறு கிளிசரின் என்ற முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் அமைப்பு. கனோலாவில் பெரும்பகுதி ஓலிக் அமிலம். 18 கரிம அணுக்கள் கொண்ட சங்கிலி. மூன்றுமே ஓலிக் அமிலமாக உள்ள மூலக்கூறை எடுத்துக்கொண்டு வேதியியல் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது: 100 கிலோ எண்ணெயோடு சுமார் 3.4 கிலோ ஹைட்ரஜன் சேர்ந்தால் 86 கிலோ டீசல் சங்கிலி, 12 கிலோ தண்ணீர், 5 கிலோ புரொபேன் கிடைக்கும். முதுகெலும்பாக இருந்த கிளிசரின்தான் புரொபேனாகிறது. நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கும் வாயுவில் ஒரு பங்கு அது.

இன்னொரு பாதையும் உண்டு. ஆக்சிஜனை நீராக வெளியேற்றாமல், சங்கிலியின் நுனியில் உள்ள ஒரு கரிமத்தோடு சேர்த்துக் கார்பன் டை ஆக்சைடாகக் கழற்றிவிடலாம். அப்போது ஹைட்ரஜன் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் 18 கரிமச் சங்கிலி 17 ஆகிவிடும். எரிபொருளில் ஒரு துண்டு குறையும். நடைமுறையில் இரு பாதைகளும் கலந்தே நடக்கின்றன. எது எவ்வளவு என்பதை வினையூக்கியும் அழுத்தமும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. ஹைட்ரஜன் விலை ஏறும்போது ஆலை மேலாளரின் கண் இரண்டாம் பாதை பக்கம் போவது இயல்பு.

காகிதத்தில் இது எளிது. ஆலையில் அப்படி இல்லை. டீசலிலிருந்து கந்தகம் நீக்க ஆகும் ஹைட்ரஜனைப்போலப் பல மடங்கு தாவர எண்ணெய்க்கு வேண்டும். வினையில் பிறக்கும் வெப்பமும் அதே விகிதத்தில் கூடும். உலையின் மேல்பகுதியிலேயே வெப்பம் எகிறும். கார்பன் மோனாக்சைடு உண்டானால் வினையூக்கியின் வேகம் மட்டுப்படும். கார்பன் டை ஆக்சைடும் நீரும் சேர்ந்து குளிரும் இடத்தில் கார்பானிக் அமிலமாகிக் குழாயை அரிக்கும். எண்ணெயில் ஒட்டிவரும் பாஸ்பரஸ், சோடியம், கால்சியம் போன்றவை வினையூக்கியின் துளைகளை அடைத்து அதைக் கொன்றுவிடும். எனவே எண்ணெயின் பசையை முதலில் நீக்கி, வெளுத்து, சுத்தம் செய்து அனுப்ப வேண்டியிருக்கிறது. சமையலுக்கு எண்ணெய் தயாரிக்கும் ஆலை செய்கிற அதே வேலை!

எல்லாம் சரியாக நடந்த பின்னும் ஒரு தொல்லை காத்திருக்கிறது. நேராக நீண்ட 18 கரிமச் சங்கிலி தன்னளவில் ஒரு மெழுகு. 28 டிகிரியில் உறையும். சென்னையின் மார்கழி இரவிலேயே கட்டியாகிவிடும் பொருளைக் கனடாவின் குளிரில் என்ன செய்வது? சங்கிலியைக் கிளைவிடச் செய்யும் இன்னொரு வினையூக்கி அடுக்கு தேவைப்படுகிறது. அதே மெழுகுத் தன்மைக்கு மறுபக்கமும் உண்டு: நேர்ச்சங்கிலி எஞ்சினில் வெகு நன்றாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே டீசலின் தரம் இதனால் கூடவே செய்கிறது.

ஹைட்ரஜன் இல்லாத ஒரு வாசலும் ஆலையில் இருக்கிறது. கனத்த எண்ணெயை 500 டிகிரிக்கு மேல் சூடான ஜியோலைட் பொடியில் மோதவிட்டுப் பெட்ரோலாக உடைக்கும் பிரிவு அது. தாவர எண்ணெயை அங்கே விட்டாலும் உடையும். ஆக்சிஜன் நீராகவும் கரிம ஆக்சைடுகளாகவும் கழன்றுகொள்ளும். கொஞ்சம் கரி பொடியின் மேல் படியும். அதை எரித்தே அந்தப் பிரிவு தன் வெப்பத்தைப் பெறுகிறது. அழுக்கான எண்ணெயையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும் வாசல் இது. ஆனால் வெளியே வருவதில் எது விமானத்துக்கு, எது காருக்கு, எது வெறும் வாயு என்பதை நம் விருப்பப்படி வளைப்பது கடினம். இந்தத் துறையில் நெடுநாள் உழைத்த பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜாக் சாட்லர் போன்றவர்கள் எண்ணெயை ஆலையின் எந்த வாசலில் நுழைப்பது என்ற கேள்விக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் தந்தார்கள் என்பது இங்கே புரியும்.

யோசனையை வணிகமாக்க முதலில் முனைந்தவர்களில் பிரேசில் உண்டு. அரசு நிறுவனமான பெட்ரோபிராஸ் 2006-இல் எச்-பயோ என்ற பெயரில், சோயா எண்ணெயை டீசல் உலையில் கலக்கும் முறையை அறிவித்தது. ஆலை தயார், நுட்பம் தயார், சோயா விளையும் நாடு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலைகள் ஏறின. சோயா எண்ணெய் விலையும் சேர்ந்து ஏறியது. கச்சா எண்ணெயைவிட விலை கூடிய பொருளைக் கச்சா எண்ணெயில் ஊற்றுவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போனது. திட்டம் கிடப்பில் விழுந்தது. பல ஆண்டுகள் கழித்து, பரானா மாநிலத்தின் அரௌக்காரியா ஆலையில், 5 சதவீதத் தாவரப் பங்கு கொண்ட டீசலாக அது மீண்டும் தலைதூக்கியது. இந்தத் தொழிலின் வரலாற்றை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் நான் எச்-பயோவைத்தான் காட்டுவேன்: உலை எப்போதும் தயாராக இருந்தது, எண்ணெய்தான் கட்டுபடியாகவில்லை.

ஸ்வீடன் வேறு வழி கண்டது. அங்கே காகிதக்கூழ் ஆலைகளில் பைன் மரத்தைக் கொதிக்கவைக்கும்போது டால் ஆயில் என்ற கரும்பழுப்புக் கழிவெண்ணெய் மிதந்துவரும். வடக்கே பித்தியோ நகரில் சன்பைன் நிறுவனம் அதைப் பக்குவப்படுத்த, கோதன்பர்க்கில் உள்ள பிரீம் ஆலை 2010 வாக்கில் தன் உலையை மாற்றியமைத்து அதை டீசலோடு சேர்த்துச் சுத்திகரிக்கத் தொடங்கியது. 30 சதவீதம் வரை தாவரப் பங்கை ஏற்கும் வகையில் உலை திருத்தப்பட்டது. அமிலம் மிகுந்த சரக்கு என்பதால் எஃகைக்கூட மாற்ற வேண்டியிருந்தது. வயலில் போட்டியிடாத, சமையலறையிலும் போட்டியிடாத எண்ணெய் என்பதால் அந்த முயற்சி நிலைத்தது. ஆனால் பைன் காடும் காகித ஆலையும் எவ்வளவு தருமோ அவ்வளவுதான் டால் ஆயில். யாராலும் கூடுதலாக விளைவிக்க முடியாது.

அமெரிக்காவில் நடந்தது வரிச் சண்டை. பயோடீசலுக்குக் காலனுக்கு ஒரு டாலர் வரிச்சலுகை இருந்தது. 2007-இல் வருமான வரித் துறை அந்தச் சலுகை இணைச் சுத்திகரிப்புக்கும் பொருந்தும் என்று விளக்கம் தந்தது. கொனோகோபிலிப்ஸ் எண்ணெய் நிறுவனமும் டைசன் இறைச்சி நிறுவனமும் மாட்டு, கோழி, பன்றிக் கொழுப்பை ஆலையில் டீசலாக்கக் கைகோத்தன. தனித்து இயங்கிய சிறு பயோடீசல் ஆலைகள் கொதித்தெழுந்தன. ஏற்கெனவே கட்டி முடித்த, கடன் தீர்ந்த ஆலைகளை வைத்திருக்கும் பெட்ரோலிய நிறுவனங்களுக்கு ஏன் எங்கள் சலுகை என்பது அவர்கள் கேள்வி. 2008-இல் நாடாளுமன்றம் அந்தக் கதவை மூடியது. அதன் நிழல் இன்றும் விலகவில்லை. அந்நாட்டின் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் சட்டத்தில், தனி ஆலையில் தயாரான டீசலுக்கு ஒரு வகைக் கடன்சீட்டு, அதாவது சந்தையில் விற்கக்கூடிய கிரெடிட். அதே மாட்டுக் கொழுப்பு, அதே மூலக்கூறு, பெட்ரோலியத்தோடு சேர்ந்து தயாரானால் வேறொரு வகை. விமான எரிபொருளுக்கு 2022-இல் வந்த வரிச்சலுகையும் இணைச் சுத்திகரிப்பை வெளியே நிறுத்தியது. சிறு ஆலைகளின் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் காற்றுவெளிக்கு இந்த வித்தியாசம் எதுவும் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லைக்கு வடக்கே, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் வேறு விதமாக யோசித்தது. 2008-இல் இயற்றிய சட்டம், எந்த ஆலை எந்த முறை என்று பார்க்காமல், எரிபொருளின் ஒரு மெகாஜூல் ஆற்றலுக்கு எத்தனை கிராம் கார்பன் டை ஆக்சைடு என்ற கணக்கைக் கேட்டது. அளவு குறைந்தால் கடன்சீட்டு. அதைச் சந்தையில் விற்கலாம். ஒரு டன்னுக்கான சீட்டின் விலை ஒரு கட்டத்தில் 400 கனடிய டாலரையும் தாண்டியது. பர்னபி ஆலையில் கனோலா நுழைந்ததற்கு வேதியியலைவிட இந்தச் சீட்டுதான் காரணம். எல்லைக்குத் தெற்கே வாஷிங்டன் மாநிலத்தின் செர்ரி பாயின்ட்டில் பி.பி. நிறுவனம் 2018 முதல் மாட்டுக் கொழுப்பைக் கலந்துவருவதற்குப் பின்னாலும் மேற்குக் கரை மாநிலங்களின் இதேபோன்ற சட்டங்கள் இருக்கின்றன.

கலப்பதற்குப் பதில் ஆலையை முழுவதும் தாவர எண்ணெய்க்கு மாற்றிவிட்டால் என்ன? இத்தாலியின் ஏனி நிறுவனம் வெனிஸ் ஆலையை 2014-இல் அப்படி மாற்றியது. கலிஃபோர்னியாவின் ரோடியோ ஆலை 2024-இல் மாறியது. இப்படி மாறும் ஆலைகள் பழைய கொள்ளளவில் ஒரு பகுதியைத்தான் தக்கவைக்கின்றன; ஆகும் செலவோ மிகப் பெரிது. பர்னபியிலும் 2022-இல் சுமார் 60 கோடி கனடிய டாலர் திட்டம் ஒன்றை அறிவித்து, நாளொன்றுக்கு 6,500 பீப்பாய் தயாரிக்கும் தனிப் பிரிவைக் கட்ட நினைத்தார்கள். 2023 மார்ச்சில் அந்தத் தனிப் பிரிவைக் கைவிட்டார்கள். ஏறிய கட்டுமானச் செலவும், அமெரிக்கா தன் உற்பத்தியாளர்களுக்குத் தந்த புதிய சலுகைகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. எஞ்சியது கலக்கும் வேலை.

கலக்கும்போதுதான் அடுத்த கேள்வி பிறக்கிறது. கலந்த பிறகு எது தாவரம், எது பெட்ரோலியம் என்று எப்படிச் சொல்வது? மூலக்கூறைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் இந்த முறையின் பெருமையே. பெருமை கணக்கு அறையில் தலைவலியாகிறது.

இயற்கை இதற்கு ஒரு முத்திரை வைத்திருக்கிறது. காற்றில் உள்ள கரிமத்தில் மிக நுண்ணிய பங்கு கதிரியக்கமுள்ள கார்பன்-14. அதன் அரை ஆயுள் சுமார் 5,730 ஆண்டுகள். உயிருள்ள செடி அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் அது முற்றிலும் அழிந்துபோயிருக்கும். தொல்பொருள்களின் வயதை அறிய வில்லார்டு லிபி கண்டுபிடித்து 1960-இல் நோபல் பரிசு பெற்ற அதே முறை, இன்று டீசலில் எத்தனை சதவீதம் கனோலா என்று சொல்லப் பயன்படுகிறது. கீழடி மண்ணடுக்குகளின் காலத்தைக் கணிக்க உதவிய அறிவியலும் இதுதான்.

ஆனால் சோதனை செலவு பிடிக்கும். 5 சதவீதம் போன்ற சிறு கலவையில், அளவீட்டின் பிழை ஒரு சதவீதமானாலும் தாவரப் பங்கில் ஐந்தில் ஒன்று ஐயத்துக்குள் போய்விடும். ஆகவே நிறுவனங்கள் நிறைக் கணக்கை விரும்புகின்றன: உள்ளே இவ்வளவு தாவர எண்ணெய் விட்டோம், எனவே வெளியே இவ்வளவு பசுமை எரிபொருள். வங்கியில் நாம் போட்ட நோட்டே திரும்ப வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தாவரக் கரிமம் எல்லாம் விற்கும் எரிபொருளுக்குள் போவதில்லை. ஒரு பங்கு புரொபேனாகும். ஒரு பங்கு ஆலையிலேயே எரியும் வாயுவாகும். ஒரு பங்கு கரியாகப் படிந்து புகையாகும். கணக்கெழுதுபவருக்குச் சுதந்திரம் கொடுத்தால், தாவரப் பங்கு முழுவதையும் அதிகச் சலுகை கிடைக்கும் பொருளின் பெயரில், உதாரணமாக விமான எரிபொருளின் பெயரில், எழுதிவிடுவார். இதைத் தடுக்கத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தனி விதி ஒன்றைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் நிறைக் கணக்கோ ஆற்றல் கணக்கோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கார்பன்-14 சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். விமான எரிபொருளுக்கு 2018-இல் அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பு தந்த முதல் அனுமதி, உலைக்குள் போகும் சரக்கில் 5 சதவீதம் வரைதான் கொழுப்பெண்ணெய் என்று வரம்பிட்டது. எந்திரப் பாதுகாப்புக்காக வைத்த வரம்பு அது. கணக்குப் பாதுகாப்புக்கு வரம்பு வைப்பது அதைவிடக் கடினம்.

சரி, பங்கு தெரிந்துவிட்டது. அந்தப் பங்கு உண்மையில் எவ்வளவு கார்பனைக் குறைக்கிறது?

ஆலைக்குள் நடப்பதை முதலில் கணக்கிடலாம். 100 கிலோ எண்ணெய்க்கு 3.4 கிலோ ஹைட்ரஜன் என்று பார்த்தோம். இன்றைய ஆலைகளில் ஹைட்ரஜன் இயற்கை வாயுவிலிருந்து வருகிறது. ஒரு கிலோவுக்கு 9 முதல் 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கிடைக்கும் 86 கிலோ டீசலின் ஆற்றல் மீது அதைப் பரப்பினால் மெகாஜூலுக்கு 8 அல்லது 9 கிராம். பெட்ரோலிய டீசலின் மொத்தக் கணக்கை ஐரோப்பா 94 கிராம் என்று வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் உலையின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை.

பெரும்பங்கு வயலில் இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வெளியிட்ட அட்டவணையைப் பாருங்கள். பெட்ரோலிய விமான எரிபொருள் 89 கிராம். பயன்படுத்திய சமையல் எண்ணெயில் தயாரானது 13.9. மாட்டுக் கொழுப்பு 22.5. ஐரோப்பாவில் விளையும் ராப்ஸீடு, அதாவது கனோலாவின் நெருங்கிய உறவு, 47.4. அதன் மேல், இந்த எண்ணெய் எரிபொருளுக்குப் போவதால் வேறெங்கோ காடு வயலாவதற்கான கணக்கு 24.1 சேர்ந்து 71.5 ஆகிறது. பனை எண்ணெயை, கழிவுநீர்க் குளத்தின் மீத்தேனைப் பிடிக்காமல் எடுத்தால், 99.1, பெட்ரோலியத்தைவிடவே மோசம். இவை தனி ஆலைகளுக்கான கணக்குகள். ஆனாலும் சரக்குகளுக்கு இடையிலான இடைவெளி எந்த ஆலைக்கும் ஏறக்குறைய இதுதான். ஒரே உலை, ஒரே வினை. உள்ளே போகும் சரக்கைப் பொறுத்து விடை 84 சதவீதச் சேமிப்பிலிருந்து வெறும் நஷ்டம்வரை ஆடுகிறது.

வயலின் கணக்கில் பெரிய பங்கு உரத்துக்கு. மண்ணில் இடும் நைட்ரஜன் உரத்தில் சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் ஏறும்; அதன் வெப்பமூட்டும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல 270 மடங்குக்கு மேல். ஓசோன் ஆய்வுக்காக நோபல் பெற்ற பால் குரூட்சன் 2008-இல் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கசிவு எல்லோரும் நினைத்ததைவிட அதிகம், ராப்ஸீடு பயோடீசலின் நன்மையை அது விழுங்கிவிடக்கூடும் என்று எச்சரித்தது. அதே ஆண்டில் திமோத்தி செர்ச்சிங்கர் குழு நில மாற்றத்தின் கணக்கை எழுப்பியது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக விவாதம் தொடர்கிறது. கனோலாவின் நில மாற்றத்துக்குக் கலிஃபோர்னியா 14.5 கிராம் என்கிறது. விமான அமைப்பு ராப்ஸீடுக்கு 24.1 என்கிறது. ஏறக்குறைய ஒரே செடிக்கு இரு எண்கள். இவை அளந்து பெற்றவை அல்ல, பொருளாதார மாதிரிகளிலிருந்து வந்தவை. என்னைப் பொறுத்தவரை இந்த எண்களின் தசமப் புள்ளியை நம்புவதைவிட அவற்றின் வரிசையை நம்பலாம்: கழிவெண்ணெய் கீழே, வயல் எண்ணெய் நடுவில், காட்டை அழித்த எண்ணெய் மேலே.

கனோலாவைக் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ராப்ஸீடு எண்ணெய் இரண்டாம் உலகப் போரில் கப்பல் எந்திரங்களுக்கு மசகாகப் பயன்பட்டது; அப்போது கனடாவில் அது உண்ண உகந்ததாகக் கருதப்படவில்லை. சஸ்காட்டூனில் கீத் டவுனியும் மானிட்டோபாவில் பால்டர் ஸ்டீஃபன்சனும் எருசிக் அமிலத்தைக் குறைத்து 1970-களில் அதைக் கனோலா என்ற உண்ணும் எண்ணெயாக்கினார்கள். எந்திரத்திலிருந்து சமையலறைக்கு வந்த பயிர், அரை நூற்றாண்டு கழித்து மறுபடி எந்திரத்துக்குப் போகிறது. விதையில் ஏறத்தாழ 44 சதவீதம் எண்ணெய். மீதி புண்ணாக்கு மாட்டுக்கும் கோழிக்கும் தீவனம். புண்ணாக்குக்கும் விலை இருப்பதால் உரத்தின் பாவம் முழுவதும் எண்ணெயின் தலையில் விழுவதில்லை.

இடம்தான் போதாது. பர்னபி ஆலையின் கொள்ளளவு நாளொன்றுக்கு 55,000 பீப்பாய். பெரிய ஆலைகளோடு ஒப்பிட்டால் சிறியது. அதில் பத்தில் ஒரு பங்கைக் கனோலாவால் நிரப்ப ஆண்டுக்கு சுமார் 32 கோடி லிட்டர் எண்ணெய் வேண்டும். ஹெக்டேருக்கு இரண்டு டன் சொச்சம் விளைச்சல் என்று வைத்தால் அதற்கு ஏறத்தாழ 3.3 லட்சம் ஹெக்டேர் வயல். நம் தஞ்சாவூர் மாவட்டத்தின் மொத்தப் பரப்பு கிட்டத்தட்ட அவ்வளவு. ஒரு சின்ன ஆலையின் பத்து சதவீதத்துக்கே இந்தக் கணக்கு. உலகம் முழுவதும் ஆண்டுக்கு விளையும் தாவர எண்ணெய் 20 கோடி டன்னுக்குச் சற்று மேல். உலகம் எரிக்கும் பெட்ரோலியம் 400 கோடி டன்னுக்கும் மேல். மனிதர்கள் வாணலியை முற்றிலும் கைவிட்டு எல்லா எண்ணெயையும் ஆலைகளுக்கு அனுப்பினாலும் இருபதில் ஒரு பங்குதான் தேறும்.

ஆகவே இணைச் சுத்திகரிப்பைப் பெட்ரோலியத்துக்கு மாற்று என்று விளம்பரப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கழிவெண்ணெயையும் கொழுப்பையும், மின்கலத்தில் ஓட முடியாத விமானங்களுக்காக, புதிய ஆலை கட்டும் செலவில்லாமல் எரிபொருளாக்கும் வழி என்றால் அது உண்மை. கார்களும் பேருந்துகளும் மின்சாரத்துக்கு மாறும் ஊரில் டீசலுக்குள் நல்ல எண்ணெயை ஊற்றுவது, ஆலைக்கு ஆயுள் நீட்டிப்பதாக முடியக்கூடும்.

இந்தியாவில் இந்தக் கேள்வி இப்போதுதான் கதவைத் தட்டுகிறது. சர்வதேச விமானங்களின் எரிபொருளில் 2027-இல் 1 சதவீதம், 2028-இல் 2, 2030-இல் 5 என்று அரசு உத்தேச இலக்கு வைத்திருக்கிறது. இந்தியன் ஆயிலின் பானிப்பட் ஆலை, பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து விமான எரிபொருள் தயாரிப்பதற்கான சர்வதேசச் சான்றிதழை 2025-இல் பெற்றது. உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு நல்ல எண்ணெயை உலையில் ஊற்ற முடியாது. வடை சுட்டு மிஞ்சிய எண்ணெய்தான் ஒரே வழி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே, பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்து, அப்படிப்பட்ட எண்ணெயைச் சேகரித்து எரிபொருளாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. பெரிய உணவகங்கள் கொடுக்கின்றன. தெருவோர பஜ்ஜிக் கடைக்கு, கறுத்த எண்ணெயை அடுத்த கடைக்கு விற்பது இன்னும் எளிது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பழைய எண்ணெய்க்குச் சலுகை ஏற ஏற அதன் விலையும் ஏறும். புதிய பனை எண்ணெயின் விலையை அது தொட்டுவிட்டால், புதியதையே பழையது என்று சொல்லி விற்பவர்கள் வருவார்கள். ஆசியாவிலிருந்து இறங்கிய சரக்கைப் பற்றி ஐரோப்பாவில் இந்தச் சந்தேகம் எழுந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2024-இல் சில எரிபொருள் நிறுவனங்களின் கொள்முதல் சங்கிலியை ஆராயத் தொடங்கியது. கார்பன்-14 இங்கே கைகொடுக்காது. நேற்றுப் பிழிந்த பனை எண்ணெயும் பத்து நாள் பொரித்த பனை எண்ணெயும் அதன் கண்ணுக்கு ஒன்றே; இரண்டிலும் புதிய கரிமம்தான். ஒன்றின் கணக்கு 13.9 கிராம், மற்றதன் கணக்கு 99 வரை போகலாம். இரண்டையும் பிரித்துச் சொல்லப் பெரும்பாலும் எஞ்சுவது ரசீதுகள்தான்: எந்தக் கடை, எந்த நாள், எத்தனை கிலோ, யார் எடுத்தார்கள். பானிப்பட்டின் சான்றிதழும் கடைசியில் அந்த ரசீதுகளின் மேல்தான் நிற்கிறது.